பால் ரோப்சன் மாலை, செம்பூர்: விளையாட்டுக்கு எத்தனை நிமிடம், பாட்டுக்கு எத்தனை கட்டை?

செம்பூர்_கதிர்:

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் 9 அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன் பிறந்த நாள். அதையொட்டிச் செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் தமிழிலேயே ஒரு மாலை நிகழ்ச்சி நடத்துகிறோம். மொத்தம் 90 நிமிடம். நுழைவு இலவசம். தாராவி, சயான் கோலிவாடா பக்கத்துக் கபடிப் பிள்ளைகள் பாதிப் பேர், சங்கத்துப் பெரியவர்கள் பாதிப் பேர். ஐந்து பாட்டு, இடையிடையே பேச்சு, திரையில் பழைய படங்கள்.

வரைவு தயார். அதில் "விளையாட்டு வீரர் ரோப்சன்" பகுதிக்கு 5 நிமிடம் இருக்கிறது. மீதியெல்லாம் பாடகர், போராளி. கபடிப் பிள்ளைகளுக்கு இது போதுமா? விளையாட்டு பற்றி இணையத்தில் ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள், எதை நம்பலாம்? பாட்டுகளை நம் குரலுக்கு எந்தச் சுருதியில் வைப்பது? பாடப்போகிறவர்களில் இருவர் கபடி ஆடுகிறவர்கள் என்பதால் தொண்டை பற்றியும் சொல்லுங்கள். ஹாலுக்குச் சிமெண்ட் தரை, தகரக் கூரை, சுமார் 200 நாற்காலி.

பழைய_நூலகம்:

கதிர், 5 நிமிடம் போதாது. நேரம் குறைவு என்பது கூட இரண்டாம் பட்சம்தான். விளையாட்டைத் தனிப் பகுதியாக வெட்டி வைத்ததே சரியில்லை. அந்த மனிதரின் ஆட்டமும் பாட்டும் இரண்டு வாழ்க்கை அல்ல. மைதானத்தில் அவருக்கு நடந்ததுதான் பின்னால் மேடையிலும் நடந்தது. அப்படிக் கோத்தால் பிள்ளைகள் கடைசி வரை எழுந்திருக்க மாட்டார்கள்.

உறுதியான தகவல்கள் இவை. பிறப்பு 1898, பிரின்ஸ்டன். அப்பா வில்லியம் ட்ரூ ரோப்சன், வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்து 15 வயதில் தப்பி வந்து பாதிரியார் ஆனவர். அம்மா 1904இல் தீ விபத்தில் இறந்தார். பாலுக்கு அப்போது ஐந்து வயது. 1915இல் மாநிலத் தேர்வு எழுதி உதவித்தொகையோடு ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி சேர்த்துக்கொண்ட மூன்றாவது கறுப்பின மாணவர் அவர்.

அமெரிக்க ஃபுட்பால் அணித்தேர்வின் முதல் பயிற்சியிலேயே சொந்தக் கல்லூரிப் பையன்களே அவரை அடித்துப் போட்டார்கள். மூக்கு உடைந்தது, தோள் இறங்கியது. படுக்கையிலிருந்து எழுந்து திரும்பப் போனபோது ஒருவன் ஆணி பதித்த காலணியால் அவர் கையை மிதித்து நகங்களைப் பெயர்த்தான். அவனைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார் ரோப்சன். பயிற்சியாளர் ஜார்ஜ் ஃபாஸ்டர் சான்ஃபோர்ட் அந்த நொடியிலேயே "நீ அணியில் இருக்கிறாய்" என்று கத்தினாராம்.

1916 அக்டோபரில் ரட்கர்ஸின் 150ஆம் ஆண்டு விழா ஆட்டம். எதிரே வாஷிங்டன் அண்ட் லீ என்ற தென்மாநிலக் கல்லூரி. கறுப்பர் இருந்தால் களமிறங்க மாட்டோம் என்றார்கள். கல்லூரி பணிந்தது. ரோப்சன் வெளியே உட்கார, ஆட்டம் 13-13 என்று சமனில் முடிந்தது. இதைப் பேச்சில் கட்டாயம் வையுங்கள். இடதுசாரிக் கருத்துகளுக்காக அமெரிக்க அரசு 1950இல் அவருடைய கடவுச்சீட்டைப் பிடுங்கியதை இதற்கு அடுத்தே சொன்னால் வேறு விளக்கமே வேண்டாம்.

1917, 1918 ஆண்டுகளில் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் ஆல்-அமெரிக்கன் சிறப்பு. கூடைப்பந்து, பேஸ்பால், தடகளம் மூன்றிலும் கல்லூரி அணி. பேஸ்பாலில் கேட்சர், தடகளத்தில் வட்டு எறிந்தவர். 1919இல் வகுப்பின் சார்பில் பட்டமளிப்பு உரையும் அவரே. பிறகு கொலம்பியாவில் சட்டம் படித்துக்கொண்டே 1921இல் ஆக்ரன் ப்ரோஸ், 1922இல் மில்வாக்கி பேட்ஜர்ஸ் அணிகளுக்குத் தொழில்முறை ஆட்டம். 1923இல் சட்டப் பட்டம். 1925 ஏப்ரல் 19 அன்று நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் தியேட்டரில் முதல் பெரிய கச்சேரி, பியானோவில் லாரன்ஸ் பிரவுன். அன்று பாடியது முழுக்கத் தம் மக்களின் பாட்டுகள் மட்டுமே.

கோடு_தொட்டவன்:

கபடிப் பிள்ளைகளிடம் "ஃபுட்பால்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் காலால் உதைக்கும் பந்தாட்டத்தை நினைத்துக்கொள்வார்கள். அமெரிக்க ஃபுட்பால் என்று முதல் வரியிலேயே சொல்லி, முட்டை வடிவப் பந்தின் படம் ஒன்றைத் திரையில் போடுங்கள்.

ரோப்சன் ஆடிய இடத்துக்கு "எண்ட்" என்று பெயர். முன்வரிசையில் கடைசி ஓரத்தில் நிற்கிறவர். தாக்கும்போது எதிராளியை மோதித் தடுத்துத் தன் ஆளுக்கு வழி திறக்க வேண்டும், பந்து எறியப்பட்டால் ஓடிப் பிடிக்கவும் வேண்டும். தடுக்கும்போது ஓரமாகச் சுற்றி வருகிறவனை உள்ளே திருப்பி மடக்க வேண்டும். நம் ஆட்டத்தில் கார்னர் நிற்கிறவர் செய்யும் வேலைதான் இந்தக் கடைசி வேலை. இப்படிச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. இன்றைய அமெரிக்க ஆட்டத்தில் தாக்க ஓர் அணி, தடுக்க ஓர் அணி. அன்று அப்படி இல்லை. களமிறங்கிய 11 பேரே இரண்டையும் செய்ய வேண்டும், ஆளை மாற்றுவதற்கும் கட்டுப்பாடு. தலையில் மெல்லிய தோல் கவசம்தான், முகத்துக்கு மறைப்பே கிடையாது. ஆறடி மூன்று அங்குல உயர ஆள் அந்தக் காலத்தில் களத்தில் எல்லார் கண்ணிலும் படுவார். எல்லாரும் குறிவைக்கவும் செய்வார்கள்.

தொடக்கத்துக்கு ஒரு யோசனை. பேச்சோடு ஆரம்பிக்க வேண்டாம். ரெண்டு பிள்ளைகளை மேடையேற்றி மூச்சு விடாமல் சடுகுடு பாடச் சொல்லுங்கள். ஏறிப்போகிறவன் பாட்டு அறுந்தால் அவன் அவுட் என்பது நம் ஊர்ப் பழைய விதி. ஆட்டக்காரன் பாடியே ஆக வேண்டும் என்று வைத்த விளையாட்டு நம்முடையது. இன்றைய போட்டியில் ஏறிப்போக 30 நொடி, "கபடி கபடி" என்ற சொல் மட்டும். ஊர்ப் பாட்டில் எதுகையோடு நாலு அடி இருக்கும். ஆளுக்கு ஒரு மூச்சு, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு ரோப்சனைப் பற்றி வாயைத் திறங்கள்.

மாட்டுங்கா_கீதா:

சடுகுடுத் தொடக்கம் அருமை. சுருதிக்கு வருகிறேன்.

முதலில் 'ஸ்விங் லோ', கறுப்பின மக்களின் பழைய ஆன்மிகப் பாட்டு. இதற்கு ச ரி க ப த ஐந்து சுரம் போதும், அப்படியே மோகனம். மந்திர பஞ்சமத்தில் (கீழ் ஸ்தாயி ப) இறங்கி மத்திம ஸ்தாயி தைவதம் வரை போகும், அவ்வளவுதான். யாரும் பாடலாம். ரோப்சன் தம் கடைசிக் காலத்தில் இந்த ஐந்து சுர வரிசையைத்தான் பல தேசத்து நாட்டுப்பாட்டுகளுக்கும் பொதுவான அடித்தளம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நம் பெரியவர்களுக்கு முல்லைப்பண் என்றாலே போதும், மேடையில் ஒரு நிமிடம் ஆரோகண அவரோகணம் பாடிக் காட்டிவிட்டு நேராகப் பாட்டுக்குப் போங்கள். ஆனால் கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: ரிஷபத்தையும் காந்தாரத்தையும் பழக்கதோஷத்தில் அசைத்துவிடுவார்கள். இங்கே கமகம் கூடாது. சுரம் நேராக நிற்க வேண்டும், இறங்கும்போது மட்டும் லேசான வழுக்கல்.

மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய 'ஓல் மேன் ரிவர்' வேறு கதை. மந்திர பஞ்சமத்தில் ஆரம்பித்துத் தார ஸ்தாயி காந்தாரத்தில் முடிகிற பாட்டு, ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஸ்தாயி. அச்சிட்ட மூலச் சுருதி இரண்டரைக் கட்டை (கீபோர்டின் C ஒரு கட்டை, D இரண்டு கட்டை, இடைக் கறுப்புக் கட்டை அரை). அதை அப்படியே எடுத்தால் ஆண்களுக்கு மேல் காந்தாரம் கத்தலாக முடியும். ஒரு கட்டையில் வையுங்கள். அடியில் மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ், உச்சியில் காந்தாரம் 330 ஹெர்ட்ஸ். பெண் குரலுக்கு ஐந்து கட்டை: அடியில் 147, உச்சியில் 494.

எல்லாரும் முதல் வரியைப் பாடிப் பார்த்துச் சுருதி வைக்கிறார்கள். முதல் வரி அடியிலேயே கிடக்கும், வசதியாக இருக்கட்டும் என்று அரைக் கட்டை ஏற்றுவார்கள், கடைசி வரியில் மாட்டிக்கொள்வார்கள். கடைசி வரியை முதலில் பாடுங்கள். அது கத்தாமல் வந்தால் அதுதான் உங்கள் கட்டை. அடிச் சுரம் மெலிவாக வந்தால் மைக் பார்த்துக்கொள்ளும்.

இதே பாட்டின் நடுப்பகுதியில் ஆதாரமே காந்தாரத்துக்கு மாறி மைனர் ஆகிவிடும். தம்புரா பெட்டியை அங்கே நிறுத்தியே ஆக வேண்டும். ஓடவிட்டால் ச-ப சுருதி அந்த வரிகளோடு மோதும், பாடுகிறவர் தடுமாறுவார். முதல் பகுதி திரும்பும்போது கீபோர்டுக்காரர் ஆதார சட்ஜத்தை ஒருமுறை தொட்டுக் கொடுக்கட்டும்.

செம்பூர்_கதிர்:

நன்றி அக்கா. கடைசி வரியை முதலில் பாடுவது இன்று ஒத்திகையிலேயே செய்துவிடுகிறோம். சுவரொட்டியில் "ரோப்சன் இயற்றிய நாட்டுப்பாடல் ஓல் மேன் ரிவர்" என்று போட்டிருக்கிறோம். அது சரிதானா? அதோடுதான் நிகழ்ச்சியை முடிப்பதாகத் திட்டம்.

பழைய_நூலகம்:

சுவரொட்டி அச்சுக்குப் போகுமுன் மாற்றுங்கள். அது அவர் இயற்றியதும் அல்ல, நாட்டுப்பாட்டும் அல்ல. 1927இல் 'ஷோ போட்' என்ற நாடகத்துக்காக ஜெரோம் கெர்ன் இசையமைத்து ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதியது. நியூயார்க்கில் முதலில் மேடையில் பாடியவரும் ஜூல்ஸ் பிளட்சோ. ரோப்சன் 1928 லண்டன் மேடை, 1932 நியூயார்க் மறுமேடை, 1936 திரைப்படம் மூன்றிலும் பாடி அதைத் தம்முடையதாக்கிக்கொண்டார்.

எப்படித் தம்முடையதாக்கினார் என்பதை மேடையில் காட்டலாம். எழுதியபடி அந்தப் பாட்டில் வருகிறவன் வாழ்ந்து களைத்தவன், சாவுக்கும் பயந்தவன். ரோப்சன் கச்சேரிகளில் அந்த இடத்தை மாற்றினார்: அழுவதற்குப் பதில் சிரிக்கிறான், சாகும்வரை போராடிக்கொண்டே இருக்கிறான். முதலில் பழைய வடிவத்தின் கடைசி நாலு வரி, உடனே மாற்றிய நாலு வரி. தமிழ்ப் பொருளை இரண்டுக்கும் திரையில் போடுங்கள். கூட்டத்துக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகா கொலம்பியாவில் படித்த காலத்தில் ரோப்சனைச் சந்தித்தவர். இந்தப் பாட்டின் உந்துதலில்தான் பிரம்மபுத்திரையை நோக்கிக் கேள்வி கேட்கும் அவருடைய அசாமியப் பாட்டு பிறந்தது. கங்கையை நோக்கிய இந்தி வடிவம் மும்பைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். அதில் ஒரு சரணம் வைத்தால் பெரியவர்களும் கூடப் பாடுவார்கள்.

சயான்_தோழர்:

நூலகம் ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் முடிவுப் பாட்டாக 'ஓல் மேன் ரிவர்' வேண்டாம் என்பது என் கருத்து. சினிமாவில் கேட்ட பாட்டோடு முடித்தால் "நல்ல குரல்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். 1949ஐ நடுவில் வையுங்கள். நியூயார்க்குக்கு வடக்கே பீக்ஸ்கில். ஆகஸ்ட் 27 கச்சேரியைக் கம்யூனிச எதிர்ப்புக் கும்பல் அடித்துக் கலைத்தது. செப்டம்பர் 4இல் மறுபடி நடத்தினார்கள், சுமார் 20,000 பேர். தொழிற்சங்கத்தார் ஆளோடு ஆள் நின்று மைதானத்தைச் சுற்றி வளையம் கட்டினார்கள், ரோப்சன் பாடி முடித்தார். திரும்பிப்போன பேருந்துகள் மேலும் கார்கள் மேலும் கல் பறந்தது, நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். காவல்துறை பார்த்துக்கொண்டு நின்றது. கபடிப் பிள்ளைகளுக்கு வளையம் கட்டுவது என்றால் என்னவென்று தெரியும்.

1950இல் கடவுச்சீட்டைப் பிடுங்கினார்கள். எட்டு ஆண்டு வெளிநாடு போக முடியவில்லை. அதே 1950இல் வெளிவந்த ஒரு கல்லூரி அமெரிக்க ஃபுட்பால் வரலாற்றுத் தொகுப்பில் ரட்கர்ஸ் அணியில் அவர் பெயரே இல்லை. பாட்டை மட்டும் அல்ல, ஆடியதையும் சேர்த்து அழித்தார்கள். ஐயா சொன்ன "ஒரே வாழ்க்கை" என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். கல்லூரி அமெரிக்க ஃபுட்பால் புகழ்மாடத்தில் அவரைச் சேர்த்தது 1995இல், இறந்து 19 ஆண்டு கழித்து.

மாட்டுங்கா_கீதா:

தோழரே, அதே நேர்மையோடு மறுபக்கமும் சொல்ல வேண்டும். 1952இல் அவருக்குச் சோவியத் அரசின் ஸ்டாலின் பரிசு அறிவித்தார்கள். சோவியத்தில் யூத எழுத்தாளர்களும் கலைஞர்களும் வேட்டையாடப்பட்டதை அறிந்திருந்தும் அமெரிக்காவில் அதைப் பற்றிப் பொதுவில் பேசவில்லை. கூட்டத்தில் யாராவது எழுந்து இதைக் கேட்டால் பேச்சாளர் விழிக்கக் கூடாது.

சயான்_தோழர்:

மறைக்க வேண்டாம் அக்கா, முழுதாகவே சொல்லலாம். 1949 ஜூன் மாதம் மாஸ்கோ கச்சேரியில், கொல்லப்பட்ட நாடகக் கலைஞர் சாலமன் மிகோயல்ஸ் பெயரையும் சிறையில் கிடந்த கவிஞர் இட்ஸிக் ஃபெஃபர் பெயரையும் மேடையிலேயே சொல்லி, வார்சா யூத எழுச்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் பாட்டைக் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் பாடினார். அங்கே அது பெரிய துணிச்சல். ஊர் திரும்பிய பின் மௌனம். ஃபெஃபரை 1952இல் சுட்டுக்கொன்றார்கள். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள், நியாயப்படுத்த வேண்டாம். மூன்று நிமிடம் ஆகும். அந்த இத்திஷ் பாட்டை ஐந்தில் ஒன்றாக வைத்தால் அந்த மூன்று நிமிடம் வீண்போகாது.

ஒலிப்பலகை:

ஹால் பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

தகரக் கூரை, சிமெண்ட் தரை என்றால் எதிரொலி நிறைய. ஸ்பீக்கரை மேடை ஓரத்தில் தலை உயரத்துக்கு மேல் ஏற்றி, வாயைப் பின்வரிசை நாற்காலிகளை நோக்கிக் கொஞ்சம் குனிய வையுங்கள். கூரையை நோக்கிப் போகிற ஒலி எல்லாம் குழப்பமாகவே திரும்பி வரும். பின்சுவரில் கனமான ஜமுக்காளமோ திரையோ தொங்கவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். 200 பேருக்கு 12 அங்குலம் இரண்டு போதும்.

அடிக்குரல் பாட்டுக்கு ஒரு கண்ணி உண்டு. மிக்ஸரில் ஒவ்வொரு சேனலிலும் தாழ்ந்த ஒலியை வெட்டும் லோ-கட் பொத்தான் இருக்கும், பெரும்பாலும் 80 அல்லது 100 ஹெர்ட்ஸ். வாடகைக்கு வருகிறவர் பழக்கத்தில் எல்லாவற்றையும் அழுத்தி வைத்திருப்பார். கீதா அக்கா சொன்ன மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். 100இல் வெட்டினால் அந்தச் சுரத்தின் அடித்தளமே மெலிந்துபோகும். பாடகர் சேனலில் மட்டும் பொத்தானை எடுத்துவிடுங்கள், பேச்சாளர் சேனலில் இருக்கட்டும். அடி வரிகளில் பாடகர் மைக்குக்கு ஒரு விரற்கடை தூரத்துக்கு நெருங்கட்டும். சாதாரண கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியை அதிகமாக எடுப்பது) நெருக்கத்தில் தாழ்ந்த ஒலியைத் தானாகவே பெருக்கிக் கொடுக்கும். உச்ச வரியில் ஒரு சாண் பின்வாங்க வேண்டும். இதை ஒத்திகையில் பழகாவிட்டால் மேடையில் நினைவு வராது. அடிக்குரலை அழுத்தித் தள்ளிப் பாடுகிறவர்களுக்குச் சுரம் கரகரத்துவிடும், சத்தமும் கூடாது. நெருங்குவதுதான் வழி.

மானிட்டர், அதாவது பாடகருக்கு அவர் குரலே கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர், ஒன்று கட்டாயம். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப்பக்கம்தான் செவிடு, ஆகவே மானிட்டர் மைக்கின் நேர் பின்னால் பாடகரைப் பார்த்தபடி இருக்கட்டும். ரோப்சன் பாடும்போது காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொள்வதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், நம் ஊர்க் கிராமத்துப் பாடகர்களும் செய்வதுதான். தம் குரல் தமக்கே கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் தேவை. 1940களின் தொடக்கத்தில் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியின் ஹரால்ட் பரிஸ்-மேயர் அவருக்காகவே மேடையில் குரலைத் திருப்பிக் கேட்கச் செய்யும் ஒரு கருவியை அமைத்தார். இன்றைய மானிட்டருக்கு அது முன்னோடி.

இனி என் கோரிக்கை. 1957 தொலைபேசிக் கச்சேரியை ஹாலில் நிகழ்த்திக் காட்டுங்கள். கடவுச்சீட்டு இல்லாத ரோப்சன் மே 26 அன்று நியூயார்க்கில் இருந்தபடியே, அட்லாண்டிக் கடலடிக் கம்பி வழியாக லண்டன் செயின்ட் பான்கிராஸ் மண்டபத்துக்குப் பாடினார். அந்தக் கம்பி திறக்கப்பட்டது 1956 செப்டம்பரில்தான், ஒரே நேரத்தில் 36 பேச்சுகள் போகும். அக்டோபர் 5இல் அதே வழியாக வேல்ஸின் போர்த்கால் நகரில் கூடியிருந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு. அங்கிருந்து ட்ரியார்க்கி ஆண்கள் பாடற்குழு அவருக்குத் திரும்பிப் பாடியது.

செய்முறை: பாடகர் பக்கத்து வகுப்பறையில் நிற்கட்டும். வாட்ஸ்அப் அழைப்பு, கைப்பேசி எதுவும் வேண்டாம். அவற்றில் இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஓடும், நீட்டிப் பிடிக்கிற சுரத்தை இரைச்சல் என்று நினைத்து அறுத்துவிடும். 30 மீட்டர் மைக் கேபிள் இழுத்து மிக்ஸருக்கு வாருங்கள். ஒலியை 31 பட்டையாகப் பிரித்து ஏற்றி இறக்கும் கிராஃபிக் ஈக்வலைசரில் 315 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றையும் 3150க்கு மேலே உள்ளவற்றையும் முழுக்க இறக்குங்கள். பழைய தொலைபேசி கடத்திய அளவு ஏறக்குறைய அதுதான், 300 முதல் 3400 வரை. 98 ஹெர்ட்ஸ் சுரம் கம்பியில் போகவே போகாது, ஆனாலும் ஹாலில் அடிக்குரல் அடிக்குரலாகவே கேட்கும். 294, 392, 490 என்று அதன் மடங்குகள் வந்து சேர்வதால் விட்டுப்போன அடியைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். இரண்டாம் சரணத்தில் பட்டைகளை எல்லாம் மெதுவாக மேலே ஏற்றுங்கள், பாடகர் கதவைத் திறந்து உள்ளே வரட்டும். கையில் கம்பியில்லா மைக் இருந்தால்தான் இது சரிப்படும், அப்படியானால் கேபிளுக்குப் பதில் அதன் ரிசீவர் வகுப்பறைச் சுவர் வரை எட்டுகிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

பாடகருக்கு ஹால் சத்தம் ஹெட்போனில் திரும்பப் போக வேண்டும். போகாவிட்டால் கீபோர்டோடு தாளம் விலகும்.

கோடு_தொட்டவன்:

தம்பி, இந்த யோசனை நிகழ்ச்சியையே தூக்கிவிடும்.

ஆடிப் பாடுகிற இருவருக்கு என் பங்கு. ஆளைப் பிடித்து இழுக்கும்போது மூச்சை அடக்கித்தான் வலு எடுப்போம். அப்போது குரல்நாண்கள் இறுக்கமாக மூடிக்கொள்ளும். எடை தூக்கும்போதும் அதேதான். அதோடு களத்தில் கத்தல். ஆட்டம் முடிந்த மாலையில் குரல் கம்முவதற்கு இவைதான் காரணம், குளிர்ந்த தண்ணீர் அல்ல. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் காலையோடு கடும் பயிற்சியை நிறுத்துங்கள். அன்றைக்கு நடை, கைகால் நீட்டல் போதும். எடை வேண்டாம். களத்தில் பேச்சுக்குப் பதில் விசிலும் கைச்சாடையும்.

பாடுமுன் 15 நிமிடம் குரல் சூடேற்றம்: உதடுகளை மூடிக் காற்றால் அதிரவைத்துக் கீழிருந்து மேல், பிறகு வாய்மூடி முனகல், பிறகுதான் வாய் திறந்து. தண்ணீர் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக. குடித்த தண்ணீர் நேரே குரல்நாணைத் தொடாது, உடம்பு வழியாகப் போய்ச் சேர நேரம் எடுக்கும், மேடையேறுமுன் ஒரு பாட்டிலைக் காலி செய்வதால் வயிறுதான் நிறையும். தொண்டையைக் கனைத்துச் செருமக் கூடாது, விழுங்கி விடுங்கள். ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு குறை, வயிற்றை எப்போதும் இறுக்கியே வைத்திருப்பார்கள். மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும், நீண்ட வரி பாதியில் அறும். வரி முடிந்ததும் வயிற்றைத் தளரவிடப் பழகினாலே மூச்சு தானாக இறங்கும். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் போனால் கஷாயத்தை நம்பாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சடுகுடு பாடும் பிள்ளைகளும் ரோப்சன் பாட்டுப் பாடும் பிள்ளைகளும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும்.

தாராவி_அண்ணாச்சி:

அனுமதி விஷயம் ஒண்ணு. இலவச நுழைவு, தொழில்முறை இல்லாத சங்கம் பாடுதுன்னா காப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கு. டிக்கெட் வச்சா அது போயிடும், அதனால கடைசி நேரத்துல "நன்கொடைச் சீட்டு"ன்னு எதுவும் கிளப்பாதீங்க. நிகழ்ச்சியைப் படம் பிடிச்சு யூடியூப்ல போடறது வேற கணக்கு. பழைய ஆன்மிகப் பாட்டுகள் யாருக்கும் சொந்தமில்ல. ஆனா லாரன்ஸ் பிரவுன் 1972லதான் இறந்தார், அவர் எழுதின பியானோ அமைப்புக்கு உரிமை இன்னும் இருக்கு. கீபோர்டுக்காரரே சொந்தமா அமைக்கட்டும். 'ஓல் மேன் ரிவர்' எழுதின ஹாமர்ஸ்டைன் 1960ல இறந்தார், நம்ம நாட்டுச் சட்டப்படி 60 வருசம் முடிஞ்சாச்சு. தொழிற்சங்கப் போராளி பத்தின 'ஜோ ஹில்' பாட்டு வேணும்னா அதுக்கு உரிமை இருக்கு, மேடையில மட்டும் பாடுங்க, வீடியோவுல வெட்டிருங்க.

ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிதான் எல்லை. பள்ளிக்கூடம்கிறதால சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலமா அறிவிச்சிருக்காங்களான்னு உள்ளூர்க் காவல் நிலையத்துல முன்கூட்டியே கேட்டு, எழுத்துல வாங்கிக்கோங்க. வெளியே வாசல்ல ஸ்பீக்கர் கட்டவே வேண்டாம்.

அப்புறம், நம்ம ஊர் சம்பந்தத்தை எல்லாரும் விட்டுட்டீங்களே. 1958 ஏப்ரல்ல ரோப்சனோட 60ஆம் பிறந்த நாளை இந்தியா பூரா கொண்டாடினாங்க. நேரு வாழ்த்துச் செய்தி கொடுத்தார். ரெண்டு பேருக்கும் 1938லயே லண்டன்ல பழக்கம். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா விழாக் குழுவுக்குத் தலைமை ஏத்துக்கிட்டார். அமெரிக்கத் தரப்பு வேண்டாம்னு நெருக்கினாங்க, விழா நடந்துச்சு. அதே வருசம் சாக்ளாவையே அமெரிக்காவுக்குத் தூதரா அனுப்பினாங்க. ஜூன்ல அங்க உச்சநீதிமன்றம் வேறொரு வழக்குல, கொள்கையைக் காரணம் காட்டிக் கடவுச்சீட்டை மறுக்கக் கூடாதுன்னு 5-4ல தீர்ப்புச் சொல்ல, ரோப்சனுக்கும் சீட்டு திரும்பக் கெடச்சுது.

செம்பூர்_கதிர்:

அண்ணாச்சி, இது எங்கள் யாருக்கும் தெரியாது. சுவரொட்டியிலேயே போடுகிறோம்.

திருத்திய வரிசை: சடுகுடு, அப்படியே முதல் பயிற்சியில் அடிபட்டதும் 1916ம். பிறகு 'ஸ்விங் லோ', 1925 கச்சேரி. பீக்ஸ்கில், கடவுச்சீட்டு, விட்டுப்போன பெயர். மாஸ்கோவும் இத்திஷ் பாட்டும். பக்கத்து அறையிலிருந்து தொலைபேசிப் பாட்டு, அதற்கு 'ஜோ ஹில்'. பம்பாய் 1958. 'ஓல் மேன் ரிவர்' இரண்டு முடிவுகளோடு, கடைசியில் கங்கைப் பாட்டின் ஒரு சரணத்தை எல்லாரும் சேர்ந்து. விளையாட்டு என்று தனிப் பகுதியே இல்லை.

பழைய_நூலகம்:

நல்ல வரிசை. இரண்டு எச்சரிக்கை. பேச்சாளர் "25 மொழி சரளமாகப் பேசியவர்" என்று சொல்லாமல் "பல மொழிகளில் பாடியவர்" என்று சொல்லட்டும். கனடா எல்லையில் லாரி மேடையில் நின்று பாடிய பீஸ் ஆர்ச் கச்சேரியைச் சேர்த்தால், அது 1952 மே 18இல் ஒருமுறையோடு நிற்கவில்லை, 1955 வரை ஆண்டுதோறும் நடந்தது.

ஒலிப்பலகை:

கதிர் அண்ணா, தொலைபேசிப் பாட்டு முடிந்ததும் ஈக்வலைசரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒருவரை அதற்கென்றே நிறுத்துங்கள். பட்டைகளின் சரியான இடத்தை ஒத்திகையின்போதே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். மறந்தால் அடுத்துப் பேசுகிறவர் முழுப் பேச்சையும் தொலைபேசிக் குரலிலேயே பேசி முடிப்பார்.